அமாவாசை கழிஞ்சு ரெண்டாம் நாளு

ஜூலை 3-ஆம் தேதி காலை நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் கைப்பேசியில் இரண்டு பேர் செத்துப் போயிருந்தார்கள்.

ஒருவர் பிரையன் ஜோன்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை ஆரம்பித்தவர். இங்கிலாந்தின் சசெக்ஸில், தன் வீட்டு நீச்சல் குளத்தில். இன்னொருவர் ஜிம் மாரிசன். டோர்ஸ் குழுவின் பாடகர். பாரிஸில், குளியல் தொட்டியில். முன்னவர் 1969-ல், பின்னவர் சரியாக இரண்டு வருஷம் கழித்து 1971-ல். இருவருக்கும் 27 வயது. எங்கள் ஊர் ஜோசியரிடம் காட்டியிருந்தால், இரண்டு பேருக்கும் நீரில் கண்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுத் தட்சிணைக்குத் தட்டை நீட்டியிருப்பார்.

கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் அஞ்சலிக் கூட்டம் தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மாரிசன் படத்தைப் போட்டுக் கீழே இரண்டு கும்பிடு வைத்திருந்தார். நியூஜெர்சிக்காரன் மெழுகுவத்தி ஏற்றினான். எட்டரை மணிக்கு எழுந்த ஒருவன் மட்டும் பதறிப்போய், "ஐயோ, எப்போ?" என்று கேட்டான்.

"1971-ல்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அவனும் ஒரு கும்பிடு வைத்தான். வைத்த கையோடு மூட்டுவலித் தைலம் ஒன்றின் விவரத்தையும் அனுப்பினான். எங்களுக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது.

ராக் இசைக்கு இப்போது வருஷம் முழுக்கத் திவசம்தான். பிப்ரவரி 3 பட்டி ஹாலி, 1959-ல் அயோவாவில் பனிக்கால இரவில் விழுந்த சின்ன விமானம். ஏப்ரல் 5 கர்ட் கோபேன். ஆகஸ்ட் 16 எல்விஸ். செப்டம்பர் 18 ஹெண்ட்ரிக்ஸ். நவம்பர் 24 ஃப்ரெடி மெர்க்குரி, ஐந்து நாள் தள்ளி ஜார்ஜ் ஹாரிசன். நடுநடுவே பிறந்த நாட்கள், முதல் பாட்டு பதிவான நாட்கள், குழு உடைந்த நாட்கள். 63 நாயன்மார்களின் குருபூஜையையும் அச்சிட்டுத் தரும் மடத்துக் காலண்டர் போல, கைப்பேசி தினமும் ஒன்றை நீட்டுகிறது. தாளைக் கிழித்தால் அடியில் யாராவது படுத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரித் தேதிகளெல்லாம் ஒரு காலத்தில் என் தனிச் சொத்து என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? 1978-ஆம் வருஷத்து வங்கி டைரி ஒன்றில் பூட்டி வைத்திருந்தேன். அப்பாவுக்கு யாரோ கொடுத்தது. ஜனவரி 1 முதல் 4 வரை அவர் அதில் பால் கணக்கு எழுதிவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஜனவரி 8-ல் நான் எல்விஸ் பிரெஸ்லியின் பிறப்பை எழுதினேன். ஒன்றரை லிட்டர் பாலுக்கும் எல்விஸுக்கும் நடுவே மூன்று வெற்றுப் பக்கம். இந்திய நாட்டில் ராக் இசையின் வரலாறு அப்படித்தான் ஆரம்பமானது, என்னைப் பொறுத்தவரை.

ஊர் போத்தனூர். கோயம்புத்தூருக்குத் தெற்கே உள்ள ரயில்வே ஜங்ஷன். ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே காலனியில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இருந்தன. அதில் ஓர் எஞ்சின் டிரைவரின் வீட்டில் ஒரு ரேடியோகிராம் இருந்தது. பீரோ அளவுக்கு மரப்பெட்டி; மேல் மூடியைத் தூக்கினால் ரெக்கார்டு சுழலும் தட்டு; முன்னால் ரேடியோ. அந்த வீட்டு ஆன்ட்டிக்கு மாவு மில்லுக்குப் போய்வருவது, ரேஷனுக்கு வரிசையில் நிற்பது எல்லாம் நான்தான். கூலி, மாலையில் ஒரு மணி நேரம் பாட்டு.

"கையக் கழுவுனியா மேன்?"

கழுவினாலும் ரெக்கார்டைத் தொட விடமாட்டார். விளிம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத் தட்டில் வைப்பார். ஊசி இறங்கும்போது வரும் அந்தக் கரகரப்பு இருக்கிறதே, பாட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆன்ட்டியின் தெய்வம் ஜிம் ரீவ்ஸ். நான் பீட்டில்ஸ் கேட்டால் முகம் சுளிப்பார். ஒரு ஜூலை 31 சாயங்காலம் போனபோது ஜிம் ரீவ்ஸைத் தவிர வேறு எதுவும் சுழலாது என்று சொல்லிவிட்டார். ஏன் என்றேன். "இன்னிக்கு அவனோட டே, மேன்" என்றார். 1964 ஜூலை 31 அன்று, தானே ஓட்டி வந்த சிறு விமானம் நாஷ்வில் அருகே மழையில் விழுந்து ரீவ்ஸ் இறந்தார். உடலைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. இதையெல்லாம் ஆன்ட்டி சொந்தத் தம்பிக்கு நடந்தது போலச் சொன்னார். ஒரு பாட்டுக்காரனுக்கு 'நாள்' என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்தேன்.

இன்னொரு தேதியும் ஆன்ட்டி கொடுத்ததுதான். 1936 மே 2, பாடகர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் பிறந்த நாள், பிறந்த இடம் மெட்ராஸ். இங்கே பிறந்து, பையனாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். 1967-ல் பீட்டில்ஸ், 'பென்னி லேன்' ஒரு பக்கமும் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' மறு பக்கமுமாக ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். பீட்டில்ஸ் வரலாற்றிலேயே அதைவிடச் சிறந்த இசைத்தட்டு இல்லை என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அது பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்துக்கு வரவே இல்லை. வழியை அடைத்துக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தது எங்கெல்பர்ட்டின் 'ரிலீஸ் மீ'. "நம்ம மெட்ராஸ் பையன் மேன், உன் ஆளுங்கள ஒதச்சுத் தள்ளிட்டான்!" இதைச் சொல்லும்போதெல்லாம் ஆன்ட்டிக்கு எங்கிருந்தோ ஒரு தேசபக்தி வந்துவிடும். அடுத்த மூன்று வருஷத்தில் அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மற்ற தேதிகள் பிச்சையெடுத்துச் சேர்த்தவை. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அறிவிப்பாளர் போகிற போக்கில் சொல்வது. கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்து 1977-ல் நின்றுபோன 'ஜேஎஸ்' இதழின் பழைய பிரதிகள். இசைத்தட்டு உறையின் முதுகில் பொடி எழுத்து. ஒரு தேதி கிடைத்தால் மூன்று நாளைக்குச் சந்தோஷம். அதைச் சரிபார்க்க வழி கிடையாது; சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றியதும் கிடையாது.

விளைவு, என் டைரியில் பாதி தப்பு. அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா வுட்ஸ்டாக்கில் நடந்தது என்று எழுதியிருக்கிறேன். நடந்தது பெத்தேல் என்ற வேறு ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில். ஹெண்ட்ரிக்ஸ் ஞாயிறு நள்ளிரவில் ஐந்து லட்சம் பேருக்கு நடுவே தீப்பிழம்பாக வாசித்தார் என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அவர் மேடையேறியபோது திங்கட்கிழமை விடிந்து காலை ஒன்பது மணி. கூட்டத்தில் பெரும்பகுதி வேலைக்குப் போக வேண்டுமே என்று கிளம்பிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் சேற்றில் ஈரப் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். கும்பாபிஷேகம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் வந்த நாதஸ்வரக் கச்சேரி மாதிரி. அந்த விழாவின் திரைப்படத்தைப் பின்னாளில் பார்த்தபோது எனக்கு ஹெண்ட்ரிக்ஸ் மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

ஆனால் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டு விஷயத்தில் நான் மட்டும் குற்றவாளி இல்லை. 1967 ஜூன் 1 என்று எழுதியிருந்தேன். உலகமே அப்படித்தான் எழுதியது. அறிவித்த தேதியும் அதுதான். 1987-ல் இருபதாம் ஆண்டுக்குக் குறுந்தகடு வெளியிட்டவர்களும் ஜூன் 1-ஐத்தான் கொண்டாடினார்கள். கடைகளில் மே 26-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது என்பதைப் பிறகு கணக்கில் எடுத்துக்கொண்டு, ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பை 2017 மே 26-ல் வெளியிட்டார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு தேதி, திருக்கணிதத்தில் ஒரு தேதி. நமக்கென்ன புதுசா?

இனி டிசம்பர் 8.

1980-ல் அது திங்கட்கிழமை. இரவு பதினொன்றுக்குச் சற்று முன், நியூயார்க்கில் தான் குடியிருந்த டக்கோட்டா கட்டடத்தின் வாசலில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் சுடப்பட்டார். சுட்டவன் அன்று மாலை அதே வாசலில் நின்று, புதிய இசைத்தட்டின் உறையில் அவரிடம் கையெழுத்து வாங்கியவன். போத்தனூரில் அப்போது டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி வாக்கு. நான் பள்ளிக்கூடத்தில் அமில-காரங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆன்ட்டி வீட்டு ரேடியோவில் பிபிசி சொன்னது. ஆன்ட்டி அன்று முதல் தடவையாக என்னைக் கை கழுவச் சொல்லாமல் பீட்டில்ஸ் ரெக்கார்டை என் கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தேன். அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், எங்களோடுதான் இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"ஏஞ்சாமி, சோத்த உங்காம எந்திரிச்சுட்டே?"

"ஜான் செத்துட்டாருங்க அம்மாயி."

"ஆரு, காலனி ஜானா? நேத்துக்கூட சைக்கிள்ல போனானே!"

"அவரில்லீங்க. இங்கிலாந்துக்காரரு. பாட்டுப் பாடறவரு."

"நமக்கு என்ன மொற வேணும்? பங்காளியா, மாமன் மச்சானா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பங்காளி என்றால் தீட்டு, மாமன் மச்சான் என்றால் கோடித் துணி. லெனனுக்கும் எனக்கும் உள்ள முறையை அம்மாயியின் கணக்கில் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"மொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"எப்பிடிச் செத்தான்?"

"சுட்டுட்டாங்க."

"ஆரு?"

"ஒரு ரசிகன்."

அம்மாயி கொஞ்ச நேரம் யோசித்தாள். "எம்ஜியாரச் சுட்டாப்பல. ஆனா அவரு பொழச்சுட்டாரு. அதுவும் சுட்டவன் கூட நடிச்சவன். ரசிகனே சுடறதுன்னா அப்பறம் எதிராளிக்கு என்ன சோலி?" அப்புறம் வயதைக் கேட்டாள். நாற்பது என்றேன். உச்சுக் கொட்டினாள். எப்போது செத்தான் என்றாள். டிசம்பர் 8 என்றேன். அங்கே 8, இங்கே 9 என்பதையும் விளக்கினேன். புவியியல் பாடத்தில் நான் எழுதிய எந்த விடையும் இத்தனை தெளிவாக இருந்ததில்லை.

"எட்டோ ஒம்பதோ அது வெள்ளக்காரங் கணக்கு. ஞாயித்துக்கெழம அமாவாச. அப்ப அமாவாச கழிஞ்சு ரெண்டாம் நாளு."

"செத்தவரும் வெள்ளைக்காரருதானுங்க அம்மாயி."

"செத்ததுக்கப்பறம் வெள்ளையென்ன கறுப்பென்ன. காக்காதான் வரோணும்."

சொன்னதோடு விடவில்லை. 1981 பிப்ரவரி 4, புதன்கிழமை, தை அமாவாசை. தவறிப்போன தாத்தாவுக்கு, அதாவது அப்புச்சிக்கு, வருஷா வருஷம் இலை போடுவது வழக்கம். அந்த வருஷம் சுவரோரம் இரண்டு இலை விரித்திருந்தது. இரண்டாவது யாருக்கு என்று அம்மா கேட்டதற்கு, "இவனோட சிநேகிதன், அந்த ஜானு. மொறையில்லாதவன், ஆரு போடுவா?" என்றாள் அம்மாயி. ஜானு என்றால் பக்கத்து வீட்டு ஜானகியை நினைத்து அம்மா பதறிப்போனது தனிக்கதை.

அவனுக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்டாள். அப்புச்சிக்குச் சுருட்டு வைப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், இங்கிலாந்துக்காரன், ஆகவே டீ. ஒரு டம்ளரில் டீ வைத்தோம். புகைப்பாரா என்றாள், படங்களில் எல்லாம் கையில் சிகரெட்டோடு இருப்பார் என்றேன். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பொரியல், வடை, பாயசம், டீ, ஒரு வில்ஸ். கூரை மேல் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

எந்தக் காக்காய் யாருக்காக வந்தது என்று தெரியவில்லை. வந்தது வடையைத்தான் முதலில் தூக்கியது.

அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்திருந்த டூ-இன்-ஒன் வீட்டில் புதிது. அதில் இருந்த கேசட், ஒப்பணக்காரத் தெருவில் ஒரு மாடிக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியது. அந்தக் காலத்தில் வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். நான் கேட்டது பன்னிரண்டு பீட்டில்ஸ் பாட்டு. பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது, நாடா தீர்ந்ததால் பாதியில் நின்றிருந்தது. இன்னொரு பக்கத்தில் மூன்று நிமிடம் மிச்சம் வைத்து, அங்கே ஓர் இளையராஜா பாட்டின் முன்னிசையை மட்டும் இலவசமாகப் போட்டிருந்தார்கள். அந்த இலவசத்தின் மேல், இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கி, அம்மாயி கூப்பிட்டதைப் பதிந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புதுப் பொருள், எதையாவது பதிய வேண்டும் என்ற அரிப்புதான்.

பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டி என்பதால் நினைவு நாள் 11-ஆ 12-ஆ என்ற வழக்கு நூறு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. லெனனின் 8-ஆ 9-ஆ வழக்கை அம்மாயி ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட்டாள்.

இப்போது நிலைமை என்ன? தேதி எல்லாம் துல்லியம். மணி, நிமிடம் வரை. பீட்டில்ஸின் 'அபே ரோட்' இசைத்தட்டு உறைக்கு நான்கு பேரும் தெருவைக் கடந்த படம் 1969 ஆகஸ்ட் 8 அன்று காலை பதினொன்றரை மணியளவில் எடுத்தது, எடுத்தவர் ஏணி மேல் நின்று ஆறே ஆறு படம் எடுத்தார் என்பது வரை எனக்குத் தெரியும். அந்த இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு 2019-ல் வந்தபோது பிரிட்டனில் மறுபடி முதலிடம் பிடித்தது. கடைசியாக முதலிடத்தை விட்டு இறங்கியதற்கும் மறுபடி ஏறியதற்கும் இடையே 49 வருஷம் 252 நாள். கின்னஸ்காரர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள். பாட்டு அதே பாட்டுதான். ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்ததை அவர் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலவை செய்து தருகிறார். பரம்பரை அர்ச்சகர் முறை அங்கேயும் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆண்டு விழா என்றால் பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பட்டா விவகாரமும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான உரிமையை 50 வருஷத்திலிருந்து 70 ஆக நீட்டினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: 50 வருஷத்துக்குள் வெளியிடாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பதிவுக்கு நீட்டிப்பு கிடையாது. 2012 டிசம்பரில் பாப் டிலனின் நிறுவனம் என்ன செய்தது? 1962-ல் பதிந்து யாரும் கேட்டிராத பாட்டுகளை அள்ளிக் குறுந்தகடுகளில் போட்டு, ஐம்பதாம் ஆண்டுத் தொகுப்பு என்று பெயர் வைத்து, ஐரோப்பாவில் ஏறக்குறைய நூறு பிரதி மட்டும் வெளியிட்டது. துணைத் தலைப்பிலேயே 'உரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று வெட்கமில்லாமல் அச்சிட்டிருந்தார்கள். கிஸ்தி கட்டி ரசீது வாங்குவது போலத்தான். நிலத்தில் உழவு நடக்க வேண்டும் என்பதில்லை, ரசீது இருந்தால் போதும்.

வுட்ஸ்டாக்கின் ஐம்பதாம் ஆண்டு இன்னும் தமாஷ். அசல் விழாவை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் லேங்கே அதை 2019 ஆகஸ்டில் நடத்தக் கிளம்பினார். முதலீட்டாளர் விலகினார், இடம் மாறியது, மறுபடி மாறியது, கலைஞர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன், ஜூலை 31-ல் ரத்து. சாலை அடைபட்டு, சாப்பாடு தீர்ந்து, மழை கொட்டி, வேலி கட்டி முடியாமல் இலவசமாகவே நடந்துவிட்ட ஒரு விழாவை, சகல ஏற்பாட்டோடும் இன்னொரு தடவை நடத்த முடியவில்லை.

வுட்ஸ்டாக் பற்றி என் டைரியில் இருக்கும் இன்னொரு வரியைச் சொல்ல வேண்டும். விழா தொடங்கியது 1969 ஆகஸ்ட் 15. நம் சுதந்திர தினம் என்பதால் எனக்கு அந்தத் தேதி மறக்கவே மறக்காது. பழைய பத்திரிகை ஒன்றில் அதன் படம் பார்த்தேன். மேடையில் தாடியும் நீண்ட தலைமுடியுமாக ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்ததும் இவர் பேசினார் என்று குறிப்பு. சாலையெல்லாம் அடைபட்டதால் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்களாம். நான் டைரியில் எழுதியது இவ்வளவுதான்: 'யாரோ ஒரு வடநாட்டுச் சாமியார்.'

2002 ஆகஸ்டில் சென்னையில் அவர் காலமான செய்தியை நாளிதழில் படிக்கும்போது காபி டம்ளர் கையில் அப்படியே நின்றது. சுவாமி சச்சிதானந்தர். ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடர், கண்டியில் ஆசிரமம் நடத்தியவர், 1966-ல் அமெரிக்கா போனவர், வர்ஜீனியாவில் 'யோகாவில்' என்று ஓர் ஊரையே உண்டாக்கியவர். பிறந்தது 1914 டிசம்பர் 22. பிறந்த ஊர், செட்டிபாளையம்.

போத்தனூரிலிருந்து செட்டிபாளையத்துக்கு ஒரே ரோடு. சைக்கிளில் முக்கால் மணி நேரம். கிடாவெட்டு விருந்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! ஒரு தடவை அந்த டைரியோடே போய், மர நிழலில் உட்கார்ந்து, பெத்தேல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தலையைச் சொறிந்திருக்கிறேன். நாலு லட்சம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு முன்னால் முதலில் பேசிய ஆள் அந்த மண்ணில் தவழ்ந்தவர் என்று சொல்ல ஊரில் ஒருத்தர் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்று செட்டிபாளையம் என்றால் பையன்களுக்குக் கார் பந்தயத் தடம்தான் ஞாபகம் வருகிறது.

அறுபதாம் கல்யாணத்துக்கு மகள் ஓர் இசைத்தட்டு பரிசளித்தாள், ஆண்டு விழாப் பதிப்பு, கனத்த அட்டை, உள்ளே படப் புத்தகம். உறையைத் திறந்தேன், வாசனை பிரமாதம். போட்டுக் கேட்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை. அலமாரியில் கொலு பொம்மை மாதிரி நிற்கிறது. பாட்டைக் கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்தில் அந்த கேசட்டும் நிற்கிறது.

லெனன் 1970-களின் பிற்பகுதியில், அதே டக்கோட்டா வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து சாதாரண கேசட்டில் ஒரு பாட்டைப் பதிந்து வைத்திருந்தார். 1994-ல் அவர் மனைவி யோக்கோ ஓனோ அதையும் வேறு சில நாடாக்களையும் பீட்டில்ஸ் கூட்டாளி மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அவற்றில் இருந்த வேறு இரண்டு பாட்டுகளைத் தேற்றி வெளியிட்டார்கள். இதை மட்டும் 1995-ல் முயன்றுவிட்டுக் கைவிட்டார்கள். பியானோ சத்தம் குரலை அமுக்கியது, மேலே ஓயாத மின்சார இரைச்சல் வேறு. 2001-ல் ஹாரிசன் போனார். பிறகு திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காக ஒரு மென்பொருள் செய்தார்கள். ஒரே நாடாவில் கலந்து கிடக்கும் குரலையும் வாத்தியத்தையும் அது அரிசியும் கல்லும் போலப் பிரித்துவிடும். லெனனின் குரல் தனியே வந்தது. 2023 நவம்பர் 2-ல் 'நவ் அண்ட் தென்' வெளியாகி பிரிட்டனின் ஒற்றைப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1969-க்குப் பிறகு அந்தப் பட்டியலில் பீட்டில்ஸுக்கு அதுதான் முதல் முதலிடம். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பாட்டில் மனம் போகவில்லை. கேசட், கேசட் என்றுதான் ஓடியது.

என் கேசட்டில் கடைசியாக அம்மாயியைக் கேட்டது 1990 வாக்கில். அப்போதே பூஞ்சை பூத்திருந்தது. தவிர, நான் பதிந்த நேரத்தில் பின்கட்டில் இரண்டாம் ஈடு வடைக்குக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் கிரைண்டர், சொல்லவா வேண்டும்? கல் சுற்றும் சத்தம்தான் முன்னால் நிற்கிறது. அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, அம்மாயி அப்புச்சியைக் கூப்பிடுகிறாள். அடுத்து ஜானைக் கூப்பிடுகிறாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது மட்டும் பிடிபடவில்லை.

அவள் 1993-ல் போனாள். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். ஆங்கிலத் தேதி தெரியாது, டைரியில் இல்லை.

கிரைண்டர் சத்தத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள். அதற்கு முன்னால், ஓடுகிற நிலையில் ஒரு கேசட் பிளேயர் வேண்டும். பெல்ட் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறேன்.